டிஜே-க்கும் கானா கச்சேரிக்கும் சேத்து எந்த பவர்டு ஸ்பீக்கர் எடுக்குறது? வியாசர்பாடி தம்பிக்கு

தம்பி கேட்டது சுருக்கமா இதான். ஆளு வியாசர்பாடி, ஒரு டிஜே கன்ட்ரோலரும் லேப்டாப்பும் வெச்சு பர்த்டே, மஞ்சத்தண்ணி, சின்ன ரிசப்ஷன்னு பண்றாரு, கூடவே ஒரு கானா டீம் இருக்கு, ரெண்டு பாட்டுக்காரங்க, டோலக், கீபோர்டு, ரிதம் பேடு. இவ்ளோ நாள் பாக்ஸ் எல்லாம் வாடகை. இப்ப சொந்தமா பவர்டு ஸ்பீக்கர், அதாவது ஆம்பிளிபயர் உள்ளயே இருக்குற பாக்ஸ், எடுக்கலாம்னு போனா கடைல 15 இன்ச் ட்ராலி ஸ்பீக்கர் ஒன்னு காட்டி, பேட்டரி இருக்கு, ப்ளூடூத் இருக்கு, கலர் லைட்டு எரியும், ரெண்டு கார்ட்லெஸ் மைக் ஃப்ரீ, 5000 வாட்ஸ்னு சொல்லிருக்காங்க. எடுக்கலாமா?

எடுக்காத தம்பி. மொட்ட மாடில வீட்டு ஆளுங்க இருபது பேரு ஆடுறதுக்கு அது ஓகே, காசு வாங்கிட்டு பண்ற வேலைக்கு ஆவாது. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போவும், பொறுத்துக்கோ.

மொதல்ல அந்த 5000. பிஎம்பிஓன்னு ஒரு கணக்கு டேப் ரெக்கார்டர் காலத்துலருந்து ஓடிட்டு இருக்கு, இஷ்டத்துக்கு நம்பர் போட்டுக்கலாம், கேக்க ஆள் இல்ல. நீயே செக் பண்ணிக்கோ. அந்த மாதிரி ட்ராலி பாக்ஸ்ல பின்னாடி மூடிய கழட்டினா பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர் அவர்) லெட் ஆசிட் பேட்டரி ஒன்னு தான் உக்காந்துட்டு இருக்கும், பைக் பேட்டரி சைஸ்ல. 12-ஐ 7-ஆல பெருக்கினா 84 வாட் அவர். நெஜமாவே 5000 வாட்ஸ் இழுத்தா அந்த பேட்டரி ஒரே நிமிஷத்துல காலி ஆவணும். ஆனா அட்டைல ஆறு மணி நேரம்னு போட்டுருப்பான். அப்போ உள்ள எவ்ளோ வாட்ஸ் ஓடுதுன்னு நீயே கணக்கு போட்டுக்கோ. சார்ஜர் அடாப்டர்ல 15 வோல்ட் 4 ஆம்பியர்னு எழுதிருந்தா 60 வாட்ஸ், அவ்ளோ தான் கதை.

நல்ல கம்பெனி பாக்ஸ்லயும் வாட்ஸ மட்டும் பாத்து எடுக்காத. வாட்ஸ் டபுள் ஆனா சத்தம் 3 டெசிபல் தான் ஏறும், காதுக்கு "டபுளா கேக்குது"ன்னு தோணனும்னா கிட்டத்தட்ட 10 டெசிபல் வேணும், அதுக்கு பவர் 10 மடங்கு. அதனால 1000 வாட்ஸ் பாக்ஸுக்கும் 1300 வாட்ஸ் பாக்ஸுக்கும் வித்தியாசம் காதுக்கு தெரியவே தெரியாது. நீ பாக்க வேண்டியது மேக்ஸ் எஸ்பிஎல்னு ஸ்பெக்ல ஒரு நம்பர் இருக்கும், அது. ஒரு மீட்டர் தூரத்துல அந்த பாக்ஸ் அதிகபட்சம் எவ்ளோ சத்தம் குடுக்கும்னு அர்த்தம்.

இத வெச்சு உன் தெருவ கணக்கு போடலாம். திறந்த வெளில தூரம் டபுள் ஆவ ஆவ 6 டெசிபல் கொறையும். 1 மீட்டர், 2, 4, 8, 16. கடைசி வரிசை 16 மீட்டர்ல, அதாவது 50 அடி சொச்சம், நிக்குதுன்னா 24 டெசிபல் போச்சு. எலெக்ட்ரோ வாய்ஸ் இசட்எல்எக்ஸ் 12பி-ய எடுத்துக்கோ, அதுக்கு 126 டெசிபல்னு போட்டுருக்கான். 24 போனா 102. அது பீக் கணக்கு, ஒரு கணம் தொடுற உச்சம், பாட்டோட சராசரி அதுக்கு கீழ 10, 12 டெசிபல்ல ஓடும், அப்போ கடைசி ஆளுக்கு 90. பந்தி பக்கத்துல ஆளுங்க பேசி சிரிச்சு, பசங்க கத்தி, அந்த இரைச்சல் 80-ஐ தொடும். 90 அத தாண்டி கேக்கும். இதே இடத்துல போஸ் எஸ்1 ப்ரோ மாதிரி 6 இன்ச் பேட்டரி பாக்ஸ் வெச்சா அதோட பீக் 109, கடைசி வரிசைல 85, சராசரி 75. கூட்டத்துக்குள்ள முழுகிடும். அது கெட்ட பாக்ஸ்னு சொல்லல, அத செஞ்சதே காபி ஷாப்ல கிடார் வாசிக்கிறவனுக்கு. நம்ம சந்துங்கள்ல ரெண்டு பக்கமும் செவுரு இருக்கறதால சத்தம் 6 டெசிபல் அளவுக்கு கொறையாது, கொஞ்சம் லாபம் தான், ஆனா அந்த லாபத்த நம்பி பாக்ஸ் எடுத்தா நாளைக்கு காசிமேடு பக்கம் கடற்கரை காத்துல திறந்த எடத்துல ஒரு ஆர்டர் வந்தா மாட்டிப்ப. இன்னொன்னு, ஒரு கம்பெனி நம்பர இன்னொரு கம்பெனி நம்பரோட 1, 2 டெசிபலுக்கு சண்டைக்கு விடாத, அளக்குற விதமே ஆளுக்கு ஆள் வேற.

இப்ப சைஸு. இங்க எல்லாருக்கும் 15 இன்ச் மேல ஒரு வெறி, பெரிய டப்பா தான் பெரிய சவுண்டுன்னு. டிஜே மட்டும் பண்றவன், சப், அதாவது பேஸுக்குன்னே இருக்குற தனி பாக்ஸ், இல்லாம ஓட்டணும்னா 15 எடுத்துக்கட்டும், நான் ஒன்னும் சொல்லல. ஆனா உன் வேலைல பாதி கானா. கானால வரி தான் எல்லாமே. அவன் என்ன பாடுறான்னு கடைசில நிக்கிற ஆயாவுக்கு புரிஞ்சா தான் கைத்தட்டு, புரியலன்னா வெறும் டோலக் சத்தம். வார்த்தை புரியறதுக்கு வேண்டிய ஏரியா சுமார் 1000 ஹெர்ட்ஸ்லருந்து 4000 ஹெர்ட்ஸ் வரைக்கும். ரெண்டு வழி பாக்ஸ்ல கீழ் சத்தத்துக்கு கோன், மேல் சத்தத்துக்கு ஹார்ன், ரெண்டும் கை மாத்துற எடம் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸ் பக்கத்துல வரும். 2000 ஹெர்ட்ஸ்ல அலையோட நீளம் 17 செ.மீ. 15 இன்ச் கோன்னா 38 செ.மீ. இவ்ளோ பெரிய கோன்லருந்து அவ்ளோ சின்ன அலை வரும்போது நேரா முன்னாடி மட்டும் போவும், பக்கவாட்டுல பரவாது. அதனால நடுவுல உக்காந்தவனுக்கு வாய்ஸ் கிளியரு, ஓரத்துல ஷாமியானா கம்பு பக்கத்துல உக்காந்தவனுக்கு பாடுறவன் போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கும். 12 இன்ச்ல இந்த தொல்லை கம்மி, 10-ல இன்னும் கம்மி.

அதனால என் பேச்சு இது தான்: நல்ல 12 இன்ச் பவர்டு பாக்ஸ் ரெண்டு வாங்கு, மாடி வேலை அதிகம்னா 10 இன்ச் ரெண்டு வாங்கு, பேஸ் அடிக்கணும்னு கேக்குற ஃபங்ஷனுக்கு சப் மட்டும் வாடகைக்கு எடு. சப் வாடகைக்கு கெடைக்காத தெருவே நம்ம பக்கம் கெடையாது, நல்ல டாப் பாக்ஸ், அதாவது சப் தவிர்த்த மெயின் பாக்ஸ், தான் எல்லார்கிட்டயும் இருக்காது.

வெயிட்டு ரொம்ப முக்கியம், கடைல நிக்கும்போது இது மண்டைல ஏறாது. ஹவுசிங் போர்டு பிளாக்ல மூணாவது மாடிக்கு மேல மொட்ட மாடி, லிஃப்ட் கெடையாது, படிக்கட்டு திருப்பத்துல ஒரு பக்கம் சைக்கிள், இன்னொரு பக்கம் தண்ணி டிரம்மு. அந்த திருப்பத்துல பாக்ஸ ஒத்த கைல தலைக்கு மேல தூக்கி திருப்பணும். யமஹா டிபிஆர் 10 பத்தரை கிலோ, டிபிஆர் 12 கிட்டத்தட்ட 16 கிலோ, க்யூஎஸ்சி கே 12.2 கிட்டத்தட்ட 18 கிலோ. பத்தரை கிலோன்னா ரெண்டு கைக்கும் ஒன்னு ஒன்னு, ஒரே தடவைல ஏறிடலாம். டிபிஆர் 10-க்கு 129 டெசிபல், 12-க்கு 131, ஒரே கம்பெனி அளவு, வித்தியாசம் 2 டெசிபல் தான். பேஸ் தான் 10-ல கம்மி, அதுக்கு சப் வந்துடுது. குட்டி யானை புடிக்காம ஆட்டோல போட்டுட்டு போறதுக்கும் 10 தான் தோது, ரெண்டு பாக்ஸ், ரெண்டு ஸ்டாண்டு, கன்ட்ரோலர் பேக், எல்லாம் போட்டும் உனக்கு உக்கார எடம் இருக்கும். வண்டி வாடகை மிச்சம் ஆவுறத வருஷத்துக்கு கணக்கு போட்டு பாரு.

ஸ்டாண்டுக்கு காசு பாக்காத. ஹார்ன் ஆளுங்க தலைக்கு மேல இருக்கணும், பாக்ஸ சேர் மேல வெச்சா முன்வரிசை உடம்பே ஹை சவுண்ட எல்லாம் குடிச்சிடும், பின்னாடி வெறும் டொம் டொம். பாக்ஸ் அடில 35 எம்எம் ஓட்டை இருக்கும், ஸ்டாண்டு பைப்பும் 35 தானான்னு பாத்து வாங்கு, லூசா இருந்தா ஆடும். மேல பைப் சறுக்காம இருக்க ஒரு பின்னு குத்துவாங்க இல்ல, அந்த பின்ன செயின் போட்டு ஸ்டாண்டுலயே கட்டி வெய்யி, தொலையறது எப்பவும் அது தான். மொட்ட மாடி காத்துக்கு ஸ்டாண்டு கால் மேல மணல் மூட்டை, அப்புறம் ஒரு கயிறு போட்டு கைப்பிடி செவுத்துல கட்டிடு. பசங்க ஓடி விளையாடுற எடம், 16 கிலோ தலைல விழுந்தா என்ன ஆவும்னு யோசிச்சிக்கோ.

கரன்ட். இது தான் நம்ம பக்கம் பவர்டு ஸ்பீக்கர சாவடிக்கிற விஷயம், ஆனா வீடியோல ரிவ்யூ போடுற ஒருத்தனும் பேச மாட்டான். தெருவுல ஃபங்ஷன்னா யாராவது வீட்டு ஹால்லருந்து ஒரு வயர் இழுப்பாங்க. அதே வயர்ல சீரியல் செட்டு, ஃபோகஸ் லைட்டு, சமையல் பக்கம் கிரைண்டர். ஒரு கணக்கு சொல்றேன்: 1 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் 30 மீட்டர் இழுத்தா போறது வரது சேத்து 60 மீட்டர், கிட்டத்தட்ட 1 ஓம் ரெசிஸ்டன்ஸ், 10 ஆம்பியர் ஓடினா சுமார் 10 வோல்ட் வயர்லயே போச்சு. வீட்டுக்கு வரதே சாயங்காலம் 200-னா உன் பாக்ஸுக்கு 190 தான். ஒரு டபுள் பீட் விழும்போது லைட்டு சேந்து மினுக்குதுன்னா இது தான் காரணம். 2.5 ஸ்கொயர் எம்எம் மூணு கோர் வயர் சொந்தமா ஒரு டிரம்ல சுத்தி வெச்சிக்கோ, லோடு தனியா இருக்குற பிளக்லருந்து இழு. ஸ்பீக்கர் வாங்கும்போது பவர் சப்ளை 100லருந்து 240 வோல்ட் வரைக்கும் தானா அட்ஜஸ்ட் பண்ணிக்குதா, இல்ல பின்னாடி 230-க்குன்னு ஒரே நம்பர் தானான்னு பாரு. மொதல் டைப்பு லோ வோல்டேஜ்ல பொழைச்சிக்கும். இவ்ளோ பெரிய வாட்ஸ் போட்ட பாக்ஸ் எவ்ளோ கரன்ட் இழுக்குமோன்னு பயப்படாத, பாட்டு ஓடும்போது ஒரு பாக்ஸ் சராசரியா நூறு, இருநூறு வாட்ஸ தாண்டாது, அந்த கிரைண்டர் தான் உனக்கு எமன்.

ஜெனரேட்டர் மாத்தும்போது பாக்ஸ் சுவிட்ச ஆஃப் பண்ணிடு, லைன் ஸ்டெடி ஆனப்புறம் போடு. எப்பவும் மொதல்ல கன்ட்ரோலர் மிக்ஸர் ஆன், கடைசில ஸ்பீக்கர் ஆன். ஆஃப் பண்றப்போ ஸ்பீக்கர் மொதல்ல. கொர்ர்னு ஹம் வந்தா பிளக்கோட எர்த் பின்ன வெட்டிட்டு சொருகுறத பாத்துருப்ப, பல பேர் பண்றான். செய்யாத. ஈர தரைல மைக் புடிச்சிட்டு நிக்கிறவன் உயிரு அது. ஹம்முக்கு வேற வழி இருக்கு. உன்கிட்ட இருக்குறது டிடிஜே எஃப்எல்எக்ஸ்4 மாதிரி சின்ன கன்ட்ரோலர்னா அதுல ஆர்சிஏ (டிவிடி ப்ளேயர்ல வர செவப்பு வெள்ள பின்னு) அவுட் தான் இருக்கும், எக்ஸ்எல்ஆர் (மைக் வயர்ல வர மூணு பின் கனெக்டர்) இருக்காது. ஆர்சிஏ வயர நீட்டி 15 மீட்டர் இழுத்தா ஆன்டெனா மாதிரி எல்லா குப்பையையும் இழுக்கும். கன்ட்ரோலர் பக்கத்துலயே ஒரு சின்ன மிக்ஸர் வெச்சு, ஆர்சிஏ ஒரு மீட்டரோட முடிச்சிட்டு, மிக்ஸர்லருந்து ஸ்பீக்கருக்கு எக்ஸ்எல்ஆர்ல போ. லேப்டாப் சார்ஜர் சொருகினதும் தான் ஹம் வருதுன்னா கிரவுண்ட் லூப், அதாவது எர்த் ரெண்டு வழில சுத்தி வருது, நடுவுல ஒரு ஐசொலேட்டர் போட்டா நின்னுடும். எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல சொருகினாலே பாதி ஹம் போயிடும்.

எப்படியும் கானா டீமுக்கு மிக்ஸர் வேணும், ஸ்பீக்கர் பின்னாடி இருக்குற ரெண்டு இன்புட் பத்தாது. பாட்டு மைக் ரெண்டு, டோலக்குக்கு ஒன்னோ ரெண்டோ, கீபோர்டு ஸ்டீரியோ, பேடு ஸ்டீரியோ, கன்ட்ரோலர் ஸ்டீரியோ. 12 சேனலுக்கு கம்மியா வாங்கினா ஆறு மாசத்துல திரும்ப கடைக்கு போவ. ஸ்பீக்கர் பின்னாடி மைக், லைன்னு ஒரு சுவிட்ச் இருந்தா மிக்ஸர் சொருகும்போது லைன்ல வெய்யி, மைக்ல இருந்தா மொத பீட்டுலயே பிஞ்சி வரும், நீ பாக்ஸ் டேமேஜ்னு நெனச்சிப்ப. முன்னாடி செவப்பு லைட்டு எப்பயாவது மினுக்கினா பரவால்ல, விடாம எரிஞ்சா லிமிட்டர் உள்ள சத்தத்த புடிச்சி அமுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அதுக்கு மேல நீ ஏத்துறது எல்லாம் வெறும் சூடு தான்.

பாட்டுக்காரங்க விஷயம் ஒன்னு. நம்ம பசங்க மைக் தலைய உள்ளங்கைக்குள்ள பொத்தி புடிச்சி பாடுவாங்க, ஸ்டைலுக்கு. முன்னாடி சத்தம் மட்டும் எடுக்குற மைக்கு, பின்னாடி இருக்குற ஓட்டைய மூடினா எல்லா பக்கமும் எடுக்க ஆரம்பிச்சிடும், உடனே கீச்சுன்னு ஃபீட்பேக். எவ்ளோ காஸ்ட்லி ஸ்பீக்கர் வாங்கினாலும் இது தீராது. மைக்க கீழ புடிக்க சொல்லு, பாக்ஸ் ரெண்டையும் பாடுறவங்க நிக்கிற கோட்டுக்கு ஒரு ரெண்டு மூணு அடி முன்னாடி தள்ளி வெய்யி. டோலக்கோட தொப்பி பக்கம் அடி விழும்போது ஒரு திடீர் குத்து வரும் பாரு, அதுக்கு பாக்ஸ்ல எப்பவும் மிச்சம் இருக்கணும், அதனால தான் பாதி வால்யூம்லயே தெருவ நெரப்புற பாக்ஸ் எடுன்றது.

ப்ளூடூத் இருக்கணும்னு காசு குடுத்து தேடாத. சத்தம் 100, 200 மில்லி செகண்டு லேட்டா வரும், கன்ட்ரோலர்ல பீட் மிக்ஸ் பண்றவனுக்கு அது தண்டம். சாப்பாட்டு டைம்ல மெலடி ஓட்ட ஓகே, அப்பவும் போன ஏரோப்ளேன் மோடுல போட்டுட்டு ஓட்டு, இல்லன்னா பொண்ணு மாப்ள மேடைல நிக்கும்போது உன் ரிங்டோன் தான் தெரு முழுக்க.

பேட்டரி பாக்ஸே வேணாமான்னா, வேணும், வேற வேலைக்கு. ராயபுரம் பக்கம் டிசம்பர்ல கேரல் ரவுண்டு வீடு வீடா போறாங்களே, அதுக்கு இத விட தோதான பொருள் இல்ல. எலெக்ட்ரோ வாய்ஸ் எவர்ஸ் 8, ஜேபிஎல் இயான் ஒன் காம்பாக்ட், ரெண்டும் 8 இன்ச், ரெண்டும் 8 கிலோ சுத்தி தான். எவர்ஸ் 8-க்கு 121 டெசிபல், ஜேபிஎல்லுக்கு 112, அந்த 9 டெசிபல் ரோட்டுல நல்லாவே தெரியும். 12 மணி நேரம்னு போட்டுருக்கறது மெதுவா ஓட்டும்போது, ஃபுல்லா வெச்சா அதுல பாதி கூட நம்பாத. போஸ் 2003-ல எல்1-னு ஆரம்பிச்சு வெச்ச குச்சி மாதிரி நிக்கிற தூண் (column) ஸ்பீக்கர் சர்ச்சுக்கும் சின்ன ஹாலுக்கும் அழகா இருக்கும், முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் ஒரே மாதிரி கேக்கும், பெரம்பூர் பக்கம் ஆங்கிலோ இந்தியன் வீட்டு விசேஷத்துல கிடார் வெச்சு பாடுறவங்களுக்கு சொல்லுவேன். தெருக்குத்துக்கு சொல்ல மாட்டேன்.

காசிமேடு, எண்ணூர், திருவொற்றியூர் கடலோரம் அடிக்கடி வேலைன்னா உப்பு காத்து கனெக்டர தான் மொதல்ல தின்னும். வேலை முடிஞ்சதும் காஞ்ச துணில தொடச்சி, கவர் போட்டு வெய்யி, எக்ஸ்எல்ஆர் சாக்கெட்ல மாசத்துக்கு ஒரு தடவ கான்டாக்ட் கிளீனர் அடி. மே மாசம் மத்தியானம் கருப்பு டப்பாவ வெயில்ல வெச்சா ஆம்ப் சூடாகி தானா கட் ஆவும், ஷாமியானா துணிய கொஞ்சம் முன்னாடி இழுத்து கட்ட சொன்னா போச்சு.

ஒரு நியாயமும் சொல்லணும். வீட்ல ஏற்கனவே சவுண்ட் சர்வீஸ் இருந்து, அஹுஜாவோ வேற ஆம்பிளிபயரோ சும்மா கெடந்தா, பாசிவ் பாக்ஸ், அதாவது ஆம்ப் உள்ள இல்லாத பாக்ஸ், உனக்கு இன்னும் சரி. காயில் போனா ஏரியாவுலயே ரீகோன் (கோனும் காயிலும் புதுசா மாத்துறது) பண்ணிடலாம், மறுநாள் ஃபங்ஷனுக்கு ரெடி. பவர்டு பாக்ஸ்ல ஆம்ப் போர்டு போச்சுன்னா பெரும்பாலும் முழு மாடியூலையே மாத்தணும், பார்ட்டு வர வரைக்கும் உக்காந்துட்டு இருக்கணும். அதனால வாங்கும்போது விலைய விட இத கேளு: சென்னைல சர்வீஸ் சென்டர் எங்க, வாரன்டி கார்டு இந்தியா டிஸ்ட்ரிப்யூட்டரோடதா. பில் இல்லாம கம்மி விலைக்கு தர பாக்ஸ் ஒரிஜினலாவே இருந்தாலும் ரிப்பேருக்கு யாரும் கை வெக்க மாட்டான்.

சட்டத்தையும் தெரிஞ்சிக்கோ, போலீஸ் பாக்ஸ தூக்கிட்டு போனா நஷ்டம் உனக்கு தான். 2000-ம் வருஷ ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10-லருந்து காலைல 6 வரைக்கும் திறந்த வெளில ஸ்பீக்கர் கூடாது, 2005-ல சுப்ரீம் கோர்ட்டும் இத கெட்டியா சொல்லிருக்கு. மத்த நேரத்துக்கும் எழுத்துல பர்மிஷன் வேணும். ஆஸ்பத்திரி, ஸ்கூல், கோர்ட்ட சுத்தி 100 மீட்டர அமைதி மண்டலம்னு அறிவிக்க விதில இடம் இருக்கு, ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்து தெருல ஆர்டர் வந்தா அட்வான்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி ஸ்டேஷன்ல கேட்டுக்கோ. ஹார்ன எதிர் வீட்டு ஜன்னல பாத்து வெக்காம தெரு நீளத்துக்கு திருப்பி வெச்சாலே கம்ப்ளைன்ட் பாதி கொறையும்.

ரிச்சி ஸ்ட்ரீட் பக்கமோ வேற எங்கயோ டெமோ கேக்க போறப்ப உன் மைக்க எடுத்துட்டு போ, கூட பாடுற பையனையும் கூட்டிட்டு போ. கடைக்காரர் ஓட்டுற பேஸ் பாட்ட நிறுத்த சொல்லு, பாக்ஸ் பின்னாடி டிஜே, பேஸ் பூஸ்ட்னு என்ன ப்ரீசெட் இருந்தாலும் ஃப்ளாட்டுக்கு மாத்து. அவன ஒரு கானா எடுத்து விட சொல்லிட்டு நீ நடுவுலருந்து ஓரத்துக்கு மெதுவா நட, வார்த்தை எங்க மங்குதுன்னு கேளு. அதே மாடல் ரெண்டு ஸ்டாக் இருந்தா ஜோடியாவே எடு, இப்போதைக்கு ஒன்னுக்கு தான் காசுன்னா சீக்கிரம் நிக்கப்போற பழைய மாடல தள்ளுபடில எடுக்காத, ரெண்டாவது வாங்க போறப்ப கெடைக்காது, வேற மாடலோட ஜோடி சேத்தா சவுண்டு ஒட்டாது.